இரவுப் பால்

எனக்குக் கடைசியாகத் தூக்கம் வந்தது கம்பெனி பஸ்ஸில். ஊசி போடுவதற்காக எங்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்கால நேரம். ஜன்னல் கம்பியில் தலை இடிப்பதும் விழிப்பதும் மறுபடி சொக்குவதுமாகப் போனேன். பக்கத்து இருக்கைக்காரியின் தோளில் எச்சில் ஒழுகி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனித்துத் தூங்கியிருப்பேன்.

இப்போதும் தூங்குகிறேன் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஒரு மாத்திரை உண்டு. போட்டுக்கொண்டால் ஆள் அணைந்துவிடுவாள். நேரம் முடிந்ததும் எரிவாள். ஆனால் தூக்கம் வருவது என்று ஒன்று இருக்கிறதே, கண் செருகி, பேச்சுக் குழறி, யாராவது ஒரு போர்வையை மேலே போட்டால் தேவலை என்று தோன்றுவது, அது எங்கள் கம்பெனிக் குடியிருப்பில் ஊசி போட்ட யாருக்கும் வருவதில்லை.

நான் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் வேலை. மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்ப்போம். சேர்ந்த சில வருஷங்களில் எனக்குச் சர்க்கரை வந்தது. எனக்கு மட்டுமில்லை, என் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லாரும் கல்யாண வயதுப் பெண்கள். மணிக்கட்டில் சர்க்கரை பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு, யாருடையது அதிகம் என்று எங்களுக்குள் பந்தயம் வேறு.

ஆஸ்பத்திரி டாக்டர் முபீனா அப்போதுதான் எனக்கு அதை விளக்கினார். அவர் பேசினால் மாமியார் மருமகளுக்குச் சமையல் சொல்வதுபோல் இருக்கும். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் அக்கறை.

"இருட்டினதும் மூளைக்குள்ள ஒரு சின்ன சுரப்பி மெலடோனின்னு ஒண்ண ரத்தத்துல விடும். ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்பு முழுக்கத் தகவல் சொல்றது அதுதான். தகவல் கணையத்துக்குப் போனதும் அது இன்சுலின் விடறதக் குறைச்சுக்கும். இந்நேரத்துக்கு யாரும் சாப்பிட மாட்டாங்கன்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. உன்னை மாதிரி சிலருக்குப் பிறவியிலேயே அந்தத் தகவல் ரொம்பச் சத்தமா கேட்குது. உன் கணையம் கடையவே இழுத்து மூடிடுது. அந்த நேரம் பார்த்து நீ கேன்டீன்ல உட்கார்ந்து சோத்தத் தின்னா, சர்க்கரை எங்க போகும்?"

அதற்குத்தான் ஊசி. மூளைக்குள் இருக்கும் அந்தச் சுரப்பியின் வாயை அடைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மருந்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் அந்தி ஊசி என்போம்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. சர்க்கரை போன இடம் தெரியவில்லை. நடுநிசியில் பரோட்டா தின்றேன், பாயசம் குடித்தேன். இரவு ஷிஃப்ட் கேன்டீனில்தான் தணிகைவேலைப் பார்த்தேன். அவரும் ஊசிக்காரர். அந்த வேளையிலும் கண்ணில் ஒரு சோர்வு இல்லாமல் இரண்டு பேரும் பேசிப் பேசியே கல்யாணம் வரைக்கும் போய்விட்டோம். குடியிருப்பில் எங்கள் வீட்டு விளக்கை அணைத்ததே இல்லை. எந்த வீட்டிலும் அணைப்பதில்லை. தெருவில் ஒரு விளக்கு கண் சிமிட்டினால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம்.

பிறகு பாப்பா பிறந்தாள்.

பிறந்த குழந்தை நேரங்காலம் தெரியாமல் விழிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாள் போகப் போகச் சரியாக வேண்டாமா? பாப்பா கோழித் தூக்கம் தூங்கி, வீல் என்று அலறி எழுந்தாள். பகலும் அப்படித்தான், இரவும் அப்படித்தான். இரண்டு மாதம் கழித்து டாக்டர் முபீனா கூப்பிட்டு அனுப்பினார். ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் எல்லாமே இப்படி இருக்கின்றன என்றார். முகம் வாடியிருந்தது. கர்ப்பத்தில் ஊசி போடலாம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"பிறக்கிறப்ப குழந்தைக்குச் சொந்தமா ராத்திரி கிடையாது வல்லி. வயித்துல இருக்கிறப்ப அம்மா ரத்தத்துலேர்ந்து எடுத்துக்கும். வெளியில வந்தப்புறம் பால்லேர்ந்து எடுத்துக்கும். இருட்டினப்புறம் ஊறுற பால்ல மெலடோனின் இருக்கும், பகல் பால்ல இருக்காது. அதக் குடிச்சுக் குடிச்சுத்தான் குழந்தையோட உடம்பு எது ராத்திரின்னு பழகும். உன் பால்ல எந்நேரமும் பகல்தான்."

அந்த மெலடோனினையே சொட்டு மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொடுத்துப் பார்த்தார்களாம். மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கி, குழந்தைகளின் சர்க்கரை தாறுமாறாகப் போனதால் நிறுத்திவிட்டார்களாம். இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆறு மாசத்துக்குள்ள பழகியாகணும். இல்லேன்னா கணையத்துக்கு ஓய்வே கிடையாது. பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுக்குள்ள சர்க்கரை வந்துடும்."

என்னை விட்டுப் போன சர்க்கரை எங்கேயும் போகவில்லை. என் மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் ஊசியை நிறுத்தினால் எனக்கு ராத்திரி திரும்ப வருமா என்று கேட்டேன். வருஷக்கணக்கில் போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் யாருக்கும் இதுவரை வரவில்லை என்றார் டாக்டர். வேறு யாராவது ஊசி போடாத பெண், பால் கொடுக்கிறவள், தெரிந்தவள் இருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார்.

இருந்தாள். எங்கள் அடுத்த வீட்டிலேயே இருந்தாள்.

சகாயமேரி தூத்துக்குடிப் பக்கம். புருஷன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு தடவை வந்து போவார். இவள் எங்கள் கேன்டீனில் பகலில் மட்டும் காய் நறுக்குவாள். அவளுக்கும் என்னைப்போலவே பிறவிக் கோளாறு, சர்க்கரை. ஆனால் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பாள். ஜன்னலில் தெருவிளக்கு வெளிச்சம் வராமல் கம்பளியைக் கட்டுவாள். பிறகு அவளும் அவள் கைக்குழந்தை செல்வினும் அடங்கிவிடுவார்கள். ஊரே விளக்கைப் போட்டுக்கொண்டு கூத்தடிக்கும் வேளையில் அவள் வீடு மட்டும் மூடிக் கிடக்கும். கோழி அடைஞ்சாச்சா என்று கேலி பேசுவோம். நான்தான் சத்தமாகப் பேசுவேன்.

அவளிடம் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாதிகூடச் சொல்லவில்லை. பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்குப் போயி இம்புட்டு யோசிச்சியளாக்கும்," என்றாள்.

தினமும் இருட்டியதும் பாப்பாவைக் கொண்டுபோவேன். மேரி பால் கொடுப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். மூன்று வாரம் போனது. பாப்பாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. அதே அரைத் தூக்கம், அதே அலறல். டாக்டர் மேரியின் பாலைக் கொஞ்சம் எடுத்து வரச் சொல்லிச் சோதித்தார். இது பகலில் எடுத்த பால்தானே என்று கேட்டார். இல்லை, இருட்டினபிறகு என் கண்முன்னால் எடுத்தது என்று சத்தியம் செய்தேன்.

"எங்க உட்கார்ந்து எடுத்தீங்க?"

"அவ வீட்டுலதான். ரூம்ல."

"லைட் எரிஞ்சுதா?"

எரியாமல் எப்படி. இரண்டு குழல்விளக்கும் எரிந்தன. டாக்டர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பி நின்றுவிடும் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். எனக்கும் தோன்றவில்லை. விளக்கு எரிவதை நான் கவனித்தே பல காலம் ஆயிற்று. அது காற்று மாதிரி இருந்துகொண்டே இருக்கிறது.

மேரியிடம் வந்து கேட்டேன், தனியாக இருந்தால் இருட்டில்தானே இருப்பாய், பிறகு ஏன் போட்டாய் என்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விளக்கு வைக்கிற நேரத்துல பச்சப் பிள்ளையோட வீடு தேடி வந்தவியள இருட்டுலயா உக்கார வைக்க முடியும்? நான் அப்படி வளரலக்கா."

எனக்காக, மரியாதைக்காக, அவள் தன் ராத்திரியைத் தினமும் தள்ளிப்போட்டிருக்கிறாள். நான் இருந்து கதையடித்துவிட்டுப் போன பிறகுதான் அணைத்திருக்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. இனிமேல் நான் விருந்தாளி இல்லை, இருட்டிலேயே உட்காருகிறேன் என்றேன்.

அன்றைக்குத்தான் இருட்டு என்றால் என்ன என்று மறுபடி பார்த்தேன். முதலில் பயமாக இருந்தது. சுவரைத் தடவிப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காது கூர்மையாகிவிட்டது. பாப்பா சப்புகிற சத்தம். செல்வின் மூச்சு. மேரி பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு மெல்ல இழுபடும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிக்காகவே நான் காத்திருப்பேன். பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பது மாதிரிதான், வெட்கமாக இருக்கும், ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். எப்படி இருக்கும் மேரி என்று.

"எதுக்கா?"

"தூக்கம் வர்றது. எனக்கு மறந்துட்டு."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"யாரோ கூப்புடுத மாதிரி இருக்கும்க்கா. நம்மளுக்கு ரொம்ப வேண்டியவுக. போகாம இருக்க முடியாது." பிறகு சொன்னாள், "இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் ராத்திரி வருது. விடிஞ்சு எந்திரிச்சா, ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு பேச ஒரு ஆளு கெடையாது. ஒங்க பாப்பா தூங்குனா எனக்கு ஒரு கூட்டு."

நடு இரவில் ஊறும் பால்தான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதால் பாப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வருவேன், விடிவதற்கு முன் இருட்டிலேயே போய்த் தூக்கிக்கொள்வேன். பகலுக்கு என் பால், இரவுக்கு மேரி பால். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். மார் கட்டி வலிக்கும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுச்சுவரில் காது வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் நல்ல செய்தி என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். தணிகைவேல் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, பெற்றவள் நீ, யாரோ மாதிரி ஒட்டுக்கேட்கிறாயே என்று சிரித்தார். அப்புறம் அவரும் வந்து காது வைத்தார்.

பாப்பாவுக்குத் தூக்கம் கூடியது. நான்காம் மாதம் முடிவதற்குள் இருட்டின பிறகு ஒரே மூச்சாகப் பாதி இரவு தூங்கினாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, அவள் உடம்பு பழகத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் தானாக நிற்கவில்லை, ஆறு மாதம் முடியட்டும் என்றார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மேரியை நான் பகலில் பார்த்து வெகு நாளாகியிருந்தது. எனக்குப் பிரசவ விடுப்பு, அவளுக்கு வேலை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காய்கறிக் கடையில் எதிரே வந்தாள். நொண்டினாள். இடது காலில் செருப்பு இல்லை, பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. முகம் பாதியாக இளைத்திருந்தது. தினமும் அவளுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டில் எதைப் பார்த்தேன்?

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைத் திருப்பினேன். எனக்குச் சர்க்கரை வந்த காலத்தில்கூட அவ்வளவு இருந்ததில்லை. கேட்டதற்கு முதலில் மழுப்பினாள். கல்லில் இடித்துக்கொண்டேன் என்றாள். அப்புறம் சொன்னாள். இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தால் நடு ராத்திரியில் பசி வந்து கை கால் நடுங்குகிறதாம். படுக்கைக்குப் பக்கத்திலேயே ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு, தினமும் தின்றிருக்கிறாள். அவள் கணையம் இழுத்து மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாமல் இத்தனை வருஷம் காப்பாற்றிய உடம்பு.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா பாப்பாவக் கொண்டுவர மாட்டிய," என்றாள்.

வீட்டுக்கு வந்து தணிகைவேலிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி யோசித்தார். அந்தப் பெண்ணை இப்போதே டாக்டரிடம் காட்டலாம், மருந்து கட்டலாம், ஆனால் பாலை நிறுத்த வேண்டாம் என்றார். இன்னும் ஒரு மாதம்தானே என்றார்.

"அந்தப் பொண்ணே மனசாரத்தான் குடுக்குது வல்லி. நம்ம ஒண்ணும் புடுங்கிக்கல."

நான் நினைத்ததைத்தான் அவர் சொன்னார், அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. வழி நெடுக நானும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒரு மாதம். ஒரு விரல். என் மகளின் ஆயுசு முழுவதும். தராசு என் பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. மேரியும் அந்தப் பக்கமே கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தடுக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து, வரமாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முபீனா துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வைது தீர்த்தார். இன்று இரவிலிருந்து இரவுச் சாப்பாடும் கூடாது, இரண்டாவது பிள்ளைக்குப் பாலும் கூடாது, அப்படியானால் விரலைக் காப்பாற்றிவிடலாம் என்றார். மேரி அழுதாள். விரலுக்காக இல்லை. நான் பாப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னும் ஒரு மாசம் கிடைச்சிருந்தா நான் தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப என்னால சொல்ல முடியாது. அவ உடம்புதான் சொல்லணும்," என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தேன். சுவிட்சுகளில் தூசி படிந்திருந்தது. ஜன்னலுக்குப் போர்வையை அடித்தேன். பாப்பாவை மடியில் போட்டு என் பாலைக் கொடுத்தேன். பகல் பால். நாலு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். முகத்தை அங்கும் இங்கும் உரசி எதையோ தேடினாள். மேரியின் வாசனையைத்தான் தேடியிருப்பாள். பிறகு அழ ஆரம்பித்தாள். தோளில் போட்டேன், மடியில் போட்டேன், நடந்தேன். பக்கத்து வீட்டில் மேரி விழித்திருப்பாள், இந்த அழுகை சுவர் வழியாக அவளுக்குக் கேட்கும் என்று தெரியும். கதவைத் தட்டினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். இரண்டு முறை கதவுவரை போய்விட்டேன்.

மூன்றாவது முறை போகக் கூடாது என்று தரையிலேயே உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்து, அவளை நெஞ்சோடு கிடத்திக்கொண்டு, கையை முதுகில் வைத்துக்கொண்டு இருந்தேன். தாலாட்டும் தெரியாது, எங்கள் குடியிருப்பில் யார் பாடினார்கள். கொடுக்க என்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டு அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அழுகை விம்மலாயிற்று. விம்மல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் ஒரு புதுச் சத்தம் கேட்டது. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பாப்பா வாயை ஆவென்று திறந்தாள். பால்வாசம் அடித்தது. காற்றை நீளமாக இழுத்து, உடம்பு மொத்தத்தையும் முறுக்கி, ஒரு கொட்டாவி விட்டாள். என் மார்மேல் இருந்த தலை கனத்தது. கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

யாரும் கொடுக்காமல், அவளுக்கே சொந்தமாக வந்தது அது.

கொட்டாவி ஒருவர் விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்த இருட்டில் நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாடை வலித்தது. ஒன்றும் வரவில்லை.

தணிகைவேல் வந்து கதவைத் திறந்தார். பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போனது. போடாதீர்கள் என்றேன். தட்டுத் தடுமாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"தூங்கிட்டாளா?" என்று கேட்டார்.

"தானாத் தூங்கிட்டா," என்றேன்.

உள்ளே கொண்டுபோய்க் கிடத்து, நீயும் மாத்திரை போட்டுக்கொண்டு படு என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மாத்திரை போட்டால் அவளைப் பார்க்க முடியாது. விடியும்வரை அவள் என் மேலேயே தூங்கினாள். நான் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்கும் இருந்ததில்லை. பெற்ற மகள்மேல் பொறாமைப்பட்டதும் அன்றைக்குத்தான்.